3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சின்: தேய்மானத்தை எங்கே, எப்படி அளப்பது?

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2014 பெரோடுவா மைவி 1.3 கார், கிராப் ஓட்டியே 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இப்போது 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் எண்ணெய் குடிக்கிறது. பட்டறையில் போர்மன் எஞ்சினின் மேல்மூடியான வால்வ் கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “உள்ளே எல்லாம் தேஞ்சு போச்சு, பேசாம ஹாஃப்கட் எஞ்சின் போட்டுரலாம்” என்கிறாராம். ஹாஃப்கட் என்றால் ஜப்பானில் ஓடிய பழைய வண்டியை வெட்டி எடுத்து வரும் எஞ்சின். கார் நிறுவனங்களும் எண்ணெய் நிறுவனங்களும் வண்டியை லட்சக்கணக்கில் ஓட்டிவிட்டு எஞ்சினைப் பிரித்துத் தேய்மானம் பார்க்கிறார்களே, அவர்கள் எதைப் பார்க்கிறார்கள், அதில் எது நம்மூர்ப் பட்டறையில் நடக்கும் என்பது அவர் கேள்வி.

போர்மன் சொன்னதில் இருந்தே ஆரம்பிக்கிறேன். வால்வ் கவரைக் கழற்றினால் அழுக்கு தெரியும், தேய்மானம் தெரியாது. தேன் நிறத்தில் வார்னிஷ் படிந்து, மூலையில் கறுப்புச் சேறு ஒட்டியிருக்கும் எஞ்சினில் சிலிண்டர் புதுசு அளவிலேயே இருப்பதுண்டு. துடைத்து வைத்த மாதிரி இருக்கும் எஞ்சினில் பேரிங் செம்பு தெரியத் தேய்ந்திருப்பதும் உண்டு. சோதனைக்கூடங்களில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்லை. படிவுகளுக்கு, அதற்கென்றே பயிற்சி எடுத்தவர்கள் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 10 என்றால் சுத்தம், எண் குறையக் குறைய அழுக்கு. தேய்மானத்துக்கு அந்த மாதிரி மதிப்பெண் கிடையாது. மில்லிமீட்டர், கிராம், அவ்வளவுதான்.

நெடுந்தூரச் சோதனையில் பாதி வேலை வண்டி ரோட்டுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடும். எஞ்சினைக் கட்டும்போதே ஒவ்வொரு சிலிண்டர், ஜர்னல் (கிராங்க் தண்டில் பேரிங்குக்குள் சுழலும் பகுதி), கேம் லோப் (வால்வைத் தள்ளித் திறக்கும் மேடு), பேரிங் ஷெல் (ஜர்னலைத் தாங்கும் மெல்லிய அரைவட்டத் தகடு) எல்லாவற்றையும் அளந்து, எடை போட்டு, எண் குத்தி வைத்துவிடுவார்கள். ஓடி முடிந்ததும் அதே இடத்தில், அதே கருவியில், முடிந்தால் அதே ஆளை வைத்தே மறுபடி அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தேய்மானம். அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 1996-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல உதாரணம். நியூயார்க்கில் 75 டேக்சிகளில் புதிதாகக் கட்டிய எஞ்சின்களைப் போட்டு, ஒவ்வொன்றையும் 60,000 மைல், அதாவது சுமார் 96,000 கிலோமீட்டர் ஓட்டி, பிறகு பிரித்தார்கள். கேமையும் அது தள்ளும் லிஃப்டரையும் அளந்தார்கள். கனெக்டிங் ராட் பேரிங்கை எடை போட்டார்கள். எண்ணெய்ப் பிராண்டுகளுக்கு இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. 3,000 மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றிய வண்டிக்கும் 6,000 மைலுக்கு மாற்றிய வண்டிக்கும்கூட இல்லை.

அந்த முடிவைப் படித்துவிட்டுப் பலர் “அப்படியானால் எந்த எண்ணெய் ஊற்றினாலும் ஒன்றுதான்” என்று துள்ளினார்கள். டேக்சி எஞ்சின் ஆறுவதே இல்லை என்பதை மறந்துவிட்டார்கள். ஒரு ஓட்டுநர் இறங்க, இன்னொருவர் ஏற, நாள் முழுக்கச் சூட்டிலேயே ஓடும் எஞ்சின் அது. எண்ணெயில் சேரும் ஈரமும் பெட்ரோலும் அந்தச் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். தம்பி, உங்கள் கிராப் வண்டியும் இதே சாதிதான். பிரிக்பீல்ட்ஸில் வீடு, பங்சாரில் பள்ளிக்கூடம் என்று பிள்ளையை விட்டு, பத்து நிமிடத்தில் எஞ்சினை அணைக்கும் கார் 1 லட்சத்தில் படும் பாட்டை உங்கள் வண்டி 3 லட்சத்திலும் பட்டிருக்காது என்பது என் கணிப்பு.

நம் மலேசியாவிலும் பெரிய அளவில் இப்படி ஒரு சோதனை நடந்திருக்கிறது. இப்போது பாங்கியில் இருக்கும் செம்பனை எண்ணெய் வாரியத்தின் முன்னோடியான போரிம் ஆராய்ச்சிக் கழகம் 1980-களில் தொடங்கி 30 மெர்சிடிஸ் பென்ஸ் பேருந்துகளை ஓட்டியது. ஒரு பங்கு சாதா டீசலில், ஒரு பங்கு பாதிக்குப் பாதி கலவையில், ஒரு பங்கு முழுக்கச் செம்பனை டீசலில். ஒவ்வொன்றும் 3 லட்சம் கிலோமீட்டர். சாதா டீசல் பேருந்துகளை ஏன் ஓட்ட வேண்டும் என்று கேட்பார்கள். ஒப்பிட ஆள் வேண்டும். அது இல்லாமல், பிரித்த எஞ்சினில் காணும் கீறல் புது எரிபொருளால் வந்ததா, வழக்கமாக வருவதா என்று யாரும் சொல்ல முடியாது.

உங்கள் கையில் முதல் நாள் அளவும் இல்லை, ஒப்பிட வண்டியும் இல்லை. ஆனால் வழி இருக்கிறது. எஞ்சினியரிங் கடையில் சிலிண்டரின் போர், அதாவது உள்விட்டம் அளப்பதும் கிராங்க் கிரைண்ட் பண்ணுவதுமாகக் காலம் தள்ளிய என் போன்றவர்கள் எப்போதும் இந்த வழியில்தான் வேலை பார்ப்போம். தேயும் உதிரி ஒவ்வொன்றிலும் தேயாத ஓர் இடம் அநேகமாக இருக்கும். சிலிண்டரின் அடியில், பிஸ்டன் ரிங் எட்டாத பகுதி. கேம் லோபின் விளிம்பில், லிஃப்டர் உரசாத மெல்லிய கோடு. வால்வ் தண்டில், அது ஏறி இறங்கும் குழாயான கைடுக்குள் நுழையாத மேல் துண்டு. மெயின் ஜர்னலில், பேரிங்கின் எண்ணெய்க் காடிக்கு நேராக வரும் வளையம். முதலில் அந்த இடத்தை அளந்துகொள்ளுங்கள். அதுதான் உங்கள் எஞ்சினின் பிறந்த நாள் அளவு. மேனுவலில் உள்ள எண்ணைவிட நான் இதையே நம்புவேன், ஏனென்றால் தொழிற்சாலையில் இருந்து வரும்போதே ஒவ்வொரு எஞ்சினும் ஒரு நூலிழை ஏறக்குறையத்தான் வரும்.

ஆனால் பிரிப்பதற்கு முன்பு செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள். பிரித்த பிறகு அந்தச் சாட்சியம் கிடைக்காது. எஞ்சின் சூடாக இருக்கும்போது எண்ணெயை இறக்கி, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதில் ஒரு சிறிய புட்டி, பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பப் பிடித்து வையுங்கள். எண்ணெய் ஃபில்டரை அறுத்து, உள்ளே மடிந்திருக்கும் தாளை விரித்துப் பாருங்கள். ரம்பத்தால் அறுத்தால் அதன் தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும். டின் வெட்டுகிற மாதிரி உருளைக் கட்டர் வேண்டும். மடிப்புகளுக்குள் மினுக்கும் துகளை காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் பித்தளை நிறத்தில் மினுக்கினால் பேரிங். எண்ணெயில் எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் பரிசோதனைக்கூடத்து ஸ்பெக்ட்ரோமீட்டர் சுமார் 5 முதல் 8 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளைச் சரியாகக் காணாது. அதாவது பேரிங் பெரிய துணுக்குகளாக உதிரும்போது அறிக்கை ‘எல்லாம் நலம்’ என்று வரலாம். அதனால்தான் அறிக்கை கையில் இருந்தாலும் ஃபில்டரை அறுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

அதற்காக அறிக்கை வீண் என்றும் நினைக்க வேண்டாம். இரும்பு கூடினால் சிலிண்டர், கிராங்க், கேம் பக்கம் பார்வை போகும். குரோமியம் என்றால் ரிங், ஈயமும் செம்பும் என்றால் பேரிங், சோடியமும் பொட்டாசியமும் என்றால் ரேடியேட்டர் தண்ணீர் கலக்கிறது. எல்லாவற்றிலும் நான் முதலில் தேடுவது சிலிக்கான். கோல சிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடும் பிக்கப் வண்டிகளின் எண்ணெயில் இது எகிறும். செம்மண் தூசி ஏர் ஃபில்டரின் ஓரத்து ரப்பர் வழியாக நுழைகிறது என்று அர்த்தம். அந்த மாதிரி வண்டிக்கு ரிங் மாற்றினாலும் கொஞ்ச நாளில் அதே கதைதான். காற்று வரும் குழாயில் இருக்கும் ஓட்டையை முதலில் அடைக்க வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: புதிதாகச் சீலன்ட் போட்டுக் கட்டிய எஞ்சினிலும் சிலிக்கான் ஏறித் தெரியும்.

அடுத்தது கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று கேஜ் வைத்துப் பார்ப்பது. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பிளக்குகள் எல்லாம் கழன்றிருக்க வேண்டும், பேட்டரி முழுசாக இருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுக்க மிதித்திருக்க வேண்டும். மிதிக்காமல் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு எஞ்சின் செத்துவிட்டது என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைவாக வந்தால் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வ் பக்கம். எண்ணெய் குடிக்கும் எஞ்சினில் இந்தச் சோதனையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். சிலிண்டருக்குள் ஏறும் எண்ணெயே ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்வதால் எண் நன்றாகவே வரும். அதனால் லீக்-டவுனும் செய்யச் சொல்லுங்கள். பிளக் துளை வழியாகச் சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிவிட்டு, எங்கே கசிகிறது என்று காதை வைத்துக் கேட்பதுதான்: எண்ணெய் ஊற்றும் வாயில் இரைந்தால் ரிங், சைலன்சரில் இரைந்தால் எக்ஸாஸ்ட் வால்வ், திராட்டில் பாடியில் இரைந்தால் இன்டேக் வால்வ், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

காசு செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு. கெந்திங் மலையில் இருந்து இறங்கும்போது கீழ்க் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் நீண்ட தூரம் இறங்குங்கள். கீழே வந்து மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை பொத்தென்று வந்தால், வால்வ் சீல், கைடு அல்லது எண்ணெய் ரிங் (சிலிண்டர் சுவரில் இருந்து எண்ணெயை வழிக்கும் பிஸ்டன் ரிங்). காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு மூச்சுப் புகை விட்டு நின்றால் பெரும்பாலும் வால்வ் சீல். அதற்கு எஞ்சினை இறக்கவே வேண்டியதில்லை.

இனி பிரிப்பது. கழற்றுவதை எல்லாம் ஒரே வாளியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அன்றைக்கு மட்டும் அதை நிறுத்தச் சொல்லுங்கள். பிஸ்டன் எந்த சிலிண்டர், எந்தப் பக்கம் முன்பக்கம், ஷெல் மேலா கீழா என்று குறித்து, கழுவுவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். பிஸ்டனை உருவியதும் முதலில் எண்ணெய் ரிங்கைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் தானாக வெளியே வர வேண்டும். உள்ளேயே ஒட்டிக்கொண்டு, அதன் பின்னால் இருக்கும் வடிகால் துளைகள் கரியால் அடைத்திருந்தால் உங்கள் அரை லிட்டர் போன வழி அதுதான். அங்கே தேய்மானத்தைவிட அடைப்புதான் குற்றவாளி. ஜாமில் மணிக்கணக்காக ஐடில், எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போடுவது, இரண்டும் சேர்ந்தால் இது வரும். உங்கள் வண்டியில் இதைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

சிலிண்டரை டயல் போர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். வெர்னியர் இதற்கு ஆகாது. மூன்று உயரம், ஒவ்வொன்றிலும் இரண்டு திசை: கிராங்க் ஷாஃப்டுக்கு நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று. அதிகம் தேய்வது மேலே, முதல் ரிங் போய்த் திரும்பும் இடத்தில். அங்கே பிஸ்டன் ஒரு கணம் நிற்கிறது. ரிங் நகர்ந்தால்தான் எண்ணெய்ப் படலம் அதைத் தாங்கும். நிற்கும்போது படலம் உடைகிறது, சூடும் அழுத்தமும் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். நகத்தை மேலிருந்து கீழே ஓட்டினால், ரிங் எட்டாத விளிம்புக்கு அடியில் ஒரு சின்னப் படி தட்டுப்படும். அதில் பாதி கரிதான், சுரண்டிவிட்டுத் தடவிப் பாருங்கள். குறுக்குத் திசையில் அதிகம் தேய்வது இயல்பு, பிஸ்டன் சாய்ந்து அழுத்துவது அந்தப் பக்கம். மைவியின் கே3-விஇ எஞ்சினுக்குப் போர் 72 மில்லிமீட்டர். அடியில் 72.01 என்று வந்து மேலே 72.03 வந்தால் தேய்மானம் 0.02. ஹோனிங் கல்லால் சிலிண்டர் சுவரில் போட்ட குறுக்குக் கோடுகள் பாதி உயரத்திலாவது தெரிந்தால், சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் பற்றி நான் பேசவே மாட்டேன். 0.05-ஐத் தாண்டினால் யோசிப்பேன், அதற்கும் மேல் போனால் மேனுவலின் எல்லையைப் பார்த்து ஓவர்சைஸ் பிஸ்டன்.

அளக்கும் இடத்தின் சூடும் கணக்கில் வரும். உலகம் முழுக்க நீள அளவுக்கு ஒத்துக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. நம் பட்டறையில் மதியம் 33 டிகிரி. அந்த 13 டிகிரியில் 72 மில்லிமீட்டர் அலுமினியப் பிஸ்டன் சுமார் 0.02 மில்லிமீட்டர் விரியும். நாம் தேடும் தேய்மானமே அவ்வளவுதான். கழுவிய உடனே, வெயிலில் வைத்த உடனே அளக்காமல் பிளாக், பிஸ்டன், கருவி மூன்றையும் ஒரே இடத்தில் ஒரு ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் அளப்பது நல்லது.

ரிங்கை சிலிண்டரின் அடியில், தேயாத பகுதியில் வைத்து, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். இது ஒரு இயற்கையான பூதக்கண்ணாடி: ரிங்கின் முகம் 0.01 தேய்ந்தால் இடைவெளி 0.06 கூடும். புதிதில் 0.25 இருந்த இடைவெளி 0.56 ஆகியிருந்தால் முகம் 0.05 போயிருக்கிறது. மேலே வைத்துப் பார்த்தால் சிலிண்டரின் தேய்மானமும் சேர்ந்துகொள்ளும், எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

பேரிங் ஷெல்தான் எஞ்சினின் சரித்திரத்தை அதிகம் சொல்லும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடில் மேல் ஷெல், கிராங்கைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கில் கீழ் ஷெல், இவைதான் வெடிப்பின் அடியை வாங்குபவை. அவற்றைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். சீரான சாம்பல் நிறத்தில், நடுவில் கொஞ்சம் மெருகு ஏறியிருந்தால் நல்ல சாவு. மூன்று அடுக்கு ஷெல்லில் மேல் பூச்சு 20 மைக்ரான் போலத்தான் இருக்கும். அது போனால் அடியில் செம்பு நிறம் சிரிக்கும். அதைப் பார்த்ததும் சிலர் பதறுவார்கள். நடுவில் ஒரு பட்டை செம்பு, அளவு எல்லைக்குள் என்றால் எஞ்சின் இன்னும் ஓடும், ஆனால் பிரித்தது பிரித்தாயிற்று, மாற்றிவிடுங்கள். அலுமினிய ஷெல்லாக இருந்தால் எவ்வளவு தேய்ந்தாலும் செம்பு தெரியாது, அதனால் நிறத்தை நம்பாமல் அளக்கத்தான் வேண்டும். ஒரு பக்க விளிம்பில் மட்டும், எதிர் ஷெல்லில் எதிர் விளிம்பில் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கிறது. சுற்றுவட்டமாகக் கோடுகள், கோட்டின் முனையில் பதிந்த கறுப்புப் புள்ளி என்றால் தூசியோ உலோகத் துணுக்கோ வந்து போயிருக்கிறது. ஆற்று வண்டல் வெடித்த மாதிரி விரிசல் விட்டிருந்தால் அது உலோகக் களைப்பு. பளு அதிகம், அல்லது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்வதால் தட்டித் தட்டி வந்தது. ஷெல்லின் தடிமனை இரண்டு முனைக்கும் நடுவில், உச்சியில் அளக்க வேண்டும், அதுவும் உருண்டை முனை மைக்ரோமீட்டரால். முனைகளில் அது செய்யும்போதே மெல்லிசாகத்தான் செய்யப்பட்டிருக்கும். அதைத் தேய்மானம் என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய.

கேமுக்கு ஒரு செய்தி. 2020-இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்பி எண்ணெய்த் தரத்துக்கு வால்வ் பக்கத் தேய்மானச் சோதனை டொயோட்டாவின் 1.5 லிட்டர் 2என்ஆர் எஞ்சினில் நடக்கிறது. 200 மணி நேரம், வேகத்தை ஏற்றி இறக்குவது 24,000 முறை. முடிவில் இன்டேக் லிஃப்டர்களில் இருந்து தேய்ந்துபோன உலோகம் சராசரி 2.7 கன மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. 2017-இல் வந்த மைவி 1.5-இன் எஞ்சினும் அதே 2என்ஆர் குடும்பம். டின்னில் அந்த எழுத்தைப் பார்த்து வாங்குவதற்கு நம்மைவிட அதிகக் காரணம் யாருக்கும் இல்லை. உங்கள் கேமில் லோபின் மூக்கில் குழியோ, விளிம்புக் கோட்டில் இருந்து நடுவில் நகத்துக்குத் தட்டும் பள்ளமோ இல்லாவிட்டால் தொட வேண்டாம்.

டைமிங் செயினில் தேயாத இடம் கிடையாது. அது நீள்வதே ஒவ்வொரு பின்னும் கொஞ்சம் கொஞ்சம் தேய்வதால்தான். புதுச் செயினைப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். டென்ஷனர் கம்பி எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதும் சொல்லிவிடும்.

வால்வ் சீட் பெட்ரோல் வண்டியில் அவ்வளவு தொல்லை தராது. கோலாலம்பூரில் கேஸ் டேக்சிகள் ஓடிய காலத்தில்தான் அந்தத் தொல்லை. இயற்கை எரிவாயு வறண்டது. வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவில் மெத்தையாக எதையும் விட்டு வைக்காது. சீட் மெல்ல உள்ளே போகும், டாப்பெட் இடைவெளி கூடுவதற்குப் பதில் குறையும், கடைசியில் வால்வ் மூடாமல் கருகும். 2025 ஜூலை 1-உடன் அந்த எரிவாயு விற்பனையையே நிறுத்திவிட்டார்கள், அதனால் இதோடு விடுகிறேன்.

3 லட்சம் என்ற எண்ணைக் கேட்டுப் போர்மன் பயமுறுத்தினால், கிலோமீட்டரை விட்டுவிட்டு எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று யோசியுங்கள். நகருக்குள் சராசரி 25 கிலோமீட்டர் வேகம் என்றால் அது 12,000 மணி நேரம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 90-இல் ஓடியிருந்தால் 3,300 மணி நேரம்தான். பினாங்குக்குப் போய் வந்தே 3 லட்சம் சேர்த்த வண்டியும் உங்கள் வண்டியும் மீட்டரில்தான் ஒன்று. எண்ணெய் மாற்றும் இடைவெளியையும் ஓடிய மணி நேரத்தை வைத்தே முடிவு செய்யுங்கள்.

ஆக என்ன செய்யலாம்? லீக்-டவுனில் வால்வ் பக்கம் சுத்தமாக வந்து, சிலிண்டர் 0.05-க்குள் இருந்தால், ரிங், வால்வ் சீல், பேரிங் ஷெல் செட், கேஸ்கெட், லேசாக ஹோனிங். பிஸ்டனின் வடிகால் துளைகளை ஒவ்வொன்றாகக் கம்பி விட்டுத் திறக்கச் சொல்லுங்கள், காடியின் சுவரைச் சுரண்டாமல். அளந்த எண்கள் எல்லாவற்றையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பிரிக்கும்போது உங்களிடம் முதல் நாள் அளவு இருக்கும்.

ஹாஃப்கட்தான் என்று முடிவானால், அதையும் இதே கண்ணால் பாருங்கள். ஜப்பானில் எவ்வளவு ஓடியது என்று எழுதி ஒட்டியிருப்பதை விடுங்கள். பிளக்கைக் கழற்றி, ஃபோனில் மாட்டும் குழாய்க் கேமராவை உள்ளே விட்டு, குறுக்குக் கோடுகள் இருக்கின்றனவா, பிஸ்டன் தலையின் ஓரம் எண்ணெயில் கழுவின மாதிரி சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓரம் மட்டும் கழுவி நடுவில் கரி என்றால் அங்கேயும் ரிங் வழியாக எண்ணெய் ஏறுகிறது. ஸ்டார்ட்டரும் பேட்டரியும் வைத்துக் கம்ப்ரெஷன் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பையும் இறக்கி ஒரு ராட் ஷெல்லைப் பாருங்கள். காட்ட மாட்டேன் என்கிற கடையில் முன்பணம் கட்ட வேண்டாம். கெப்போங் பக்கம் இன்னும் நாலு கடை இருக்கிறது.